கண் திறந்த எலிக்குஞ்சு

பிள்ளையார்பாளையத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். தறியில் உட்காரும் அவருடைய அப்பாவுக்குச் சர்க்கரை. பாதத்தில் ஆறாத புண். டாக்டர் எழுதித் தந்த களிம்பில் 'எபிடெர்மல் வளர்ச்சிக் காரணி' என்று போட்டிருக்கிறதாம். அது என்ன என்று கேட்கிறார்.

இது தோல் செல்களைப் பெருகச் சொல்லும் புரதம். 1950களின் இறுதியில் ஸ்டான்லி கோஹன் அமெரிக்காவில் நரம்பு வளர்ச்சிக் காரணியை ஆராய்ந்துகொண்டிருந்தார். எலியின் உமிழ்நீர்ச் சுரப்பிச் சாற்றைப் புதிதாகப் பிறந்த குஞ்சுகளுக்கு ஏற்றியபோது, இரண்டு வாரத்தில் திறக்க வேண்டிய கண்கள் ஒரே வாரத்தில் திறந்துவிட்டன. பல்லும் முந்தி முளைத்தது. நரம்புக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று அவர் ஒதுக்கிவிடவில்லை. பின்தொடர்ந்து போய் இந்தப் புரதத்தைப் பிரித்தெடுத்தார். 1986இல் ரீட்டா லெவி-மொண்டால்சினியோடு நோபல் பரிசு வந்தது.

இன்சுலினைப் போலவே இதையும் மனித மரபணுவைக் கொண்டு பாக்டீரியாவிலும் ஈஸ்டிலும் தயாரிக்கிறார்கள். வெறும் 53 அமினோ அமிலங்கள் கோத்த சரம். ஆனால் அதில் ஆறு இடங்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து மூன்று முடிச்சாக விழ வேண்டும். அப்படிச் சேர 15 வழிகள் உண்டு, சரியானது ஒன்றுதான். எங்கள் வீட்டுத் தறியில் பழைய பாவோடு புதுப் பாவைப் பிணைக்கும்போது, சாம்பல் தொட்ட விரலால் பாட்டி ஒவ்வோர் இழைக்கும் அதன் ஜோடியைத் தேடிப் பிடித்து முறுக்குவார். இழை மாறினால் பட்டு அதே பட்டுதான், சேலைதான் சேலையாகாது. இங்கேயும் அப்படித்தான்: முடிச்சு மாறினால் செல் அந்தப் புரதத்தை அடையாளம் காணாது.

இந்தப் புரதம் மிகக் கொஞ்சமே போதும். ஆய்வகங்களில் செல் வளர்க்கும் திரவம் ஒரு லிட்டருக்கு இதைச் சுமார் 10 மைக்ரோகிராம் சேர்ப்பார்கள். அந்தக் கணக்கில் ஒரு கிராம், லட்சம் லிட்டருக்கு வரும்.

நம் நாட்டில் ஹைதராபாத்தின் பாரத் பயோடெக் இதை 'ரீஜென்-டி' என்ற களிம்பாகத் தயாரிக்கிறது. சர்க்கரைப் புண்கள் இதனால் விரைவாக ஆறுவதாகச் சென்னை டாக்டர் விஜய் விஸ்வநாதனும் உடன் ஆய்ந்தவர்களும் 2006இல் எழுதினார்கள். இதே புரதத்தின் பெயரைச் சொல்லி முகப்பொலிவு கிரீம் விற்பதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. இது புண்ணுக்கான மருந்து. அதுவும் சர்க்கரை கட்டுக்குள் இருந்து, புண் சுத்தமாகி, காலுக்கு ரத்தம் ஓடினால்தான் வேலை செய்யும்.

குழித்தறிக்காரரின் கால் நாள் முழுக்கக் குழிக்குள் மிதியின்மேல் இருக்கிறது. சர்க்கரையால் உணர்ச்சி மரத்த பாதத்தில் சிராய்ப்பு பட்டாலும் தெரியாது. என் அப்பாவின் கட்டைவிரல் போனது அப்படித்தான். வாடை வந்த பிறகே பார்த்தோம். உங்கள் அப்பா குழியிலிருந்து ஏறியதும் விளக்கைக் கொண்டுவந்து, விரல் இடுக்கு வரை நீங்களே பாருங்கள்.