அப்பப்பாவைக் காண இருநூறு மைல்

பிறந்த நாட் கொண்டாட்டம் மேனாட்டாரிடமிருந்து நாம் கற்றுக்கொண்ட வழக்கம் என்று கருதுவோர் உளர். கேக் வெட்டுவதும் மெழுகுதிரியை ஊதி அணைப்பதும் அவ்வாறு வந்தனவே. ஆயின் வயது முதிர்ந்தோரின் பிறந்த நாளை உற்றார் உறவினர் ஒன்றுகூடிச் சிறப்பிப்பது நம்மிடையே நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கமாகும். அறுபது நிறைந்தவர்க்குச் சஷ்டியப்தபூர்த்தி. எண்பதை எட்டியவர்க்குச் சதாபிஷேகம். பிரபவ முதல் அட்சய ஈறாகவுள்ள அறுபது வருடங்களும் ஒரு சுற்றுச் சுற்றி, ஒருவர் பிறந்த வருடத்தின் பெயர் மீண்டும் வருவது அறுபதின் சிறப்பு. எண்பதின் சிறப்பு யாது? அவரை "ஆயிரம் பிறை கண்டவர்" என்று நம் முன்னோர் போற்றினர்.

இது வெறும் உபசார வார்த்தையன்று. கணக்கிட்டுப் பார்க்கத் தக்கது. ஒரு முழுநிலாவிலிருந்து அடுத்த முழுநிலா வரையில் சராசரியாக 29.53 நாட்கள் செல்கின்றன. இதனை ஆயிரத்தாற் பெருக்கினால் 29,530 நாட்கள். ஓராண்டுக்கு 365.25 நாட்களாக வகுத்தால் 80 ஆண்டுகளும் ஏறக்குறைய 10 மாதங்களும் வரும். எண்பது ஆண்டு நிறையும் அன்று ஒருவர் 989 நிலாக்களையே கண்டிருப்பார். மாணவர்கள் தம் வீட்டு முதியோரின் வயதைக்கொண்டு இக்கணக்கைச் செய்து பார்க்கலாம்.

கடந்த ஆவணியில் எங்கள் தந்தையாருக்கு எண்பது நிறைந்தது. அவர் வலிகாமத்தில், தாம் பிறந்த கிராமத்தில், எங்கள் தமக்கையாருடன் வசிக்கிறார். நான் மனைவி மக்களுடன் கண்டியில் வசிக்கிறேன். மூத்த மகளுக்கு வயது பத்து, மகனுக்கு ஆறு, கடைக்குட்டிக்கு இரண்டு. "இத்தனை சிறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு இருநூறு மைல் போகத்தான் வேண்டுமா? தொலைபேசியிலே முகம் பார்த்துப் பேசினாற் போதாதா?" என்று அன்பர் பலர் கேட்டனர். கேள்வி நியாயமானதே. ஆனால் எங்கள் ஐயாவுக்குச் செவிப்புலன் குன்றிவிட்டது. திரையில் முகம் தெரியும்; மழலை எட்டாது. தலையை ஆட்டிச் சிரித்துவிட்டு அக்காவிடம் கொடுத்துவிடுவார். கடைக்குட்டியின் குரலை அவர் அதுவரை கேட்டதே இல்லை.

வேறொரு காரணமும் உண்டு. கண்டியிலிருந்து யாழ்ப்பாணத்துக்குச் செல்லும் ஏ9 வீதியின் நீளம் 321 கிலோமீற்றர். போர்க்காலத்தில் நெடுநாள் மூடிக் கிடந்த அவ்வீதி 2002 ஆம் ஆண்டிலே திறக்கப்பெற்றது. 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடுண்டது. போர் ஓய்ந்த 2009 இன் பின்னரே நிலையாகத் திறந்தது. 2007 இல் எங்கள் அன்னையார் காலமானார். அப்பொழுது நான் கண்டியிலே இளம் ஆசிரியன். வீதி இல்லை. கப்பலுக்கும் விமானத்துக்கும் அனுமதி பெற்றுப் போய்ச் சேருமுன் அந்தியேட்டியும் முடிந்துவிட்டது. வீதி திறந்திருக்கும் காலத்தில் போகாதிருப்பது எப்படி?

வழிக்கு ஆயத்தம்

சிறுவருடன் நெடுவழி செல்வோர் முதலில் அஞ்சுவது தலைசுற்றலையும் வாந்தியையுமே. இதன் காரணத்தை அறிந்துகொண்டால் பாதித் துன்பம் நீங்கும். நமது உட்செவியில் உடலின் அசைவை உணரும் உறுப்பு ஒன்று உண்டு. வண்டி வளைந்து வளைந்து ஓடும்போது அவ்வுறுப்பு "அசைகிறோம்" என்று மூளைக்கு உணர்த்துகிறது. மடியிலே வைத்த புத்தகத்தையோ கைப்பேசியையோ நோக்கும் கண், "அசையவில்லை" என்கிறது. இவ்விரு சாட்சியங்களும் முரண்படுவதாலேயே குமட்டல் எழுகிறது என்பர். ஆதலால் பிள்ளையின் கண்ணை வெளியே, தூரத்திலே, செலுத்துவதே முதல் மருந்து. கண்டியிலிருந்து மாத்தளைக்கு இறங்கும் வளைவுகளில் கைப்பேசிகளைப் பையிலே பூட்டிவைத்தோம். "யார் முதலில் கோயிற் கோபுரத்தைக் காண்பது?" என்று ஒரு போட்டி வைத்தோம். மாத்தளை முத்துமாரியம்மன் கோயிற் கோபுரம் தோன்றும்வரை ஒருவருக்கும் தலை சுற்றவில்லை.

புறப்படுமுன் வயிறு நிறைய உண்பித்தலும் தவறு. வெறும் வயிற்றுடன் ஏற்றுதலும் தவறு. இரண்டு இடியப்பமும் ஒரு வாழைப்பழமும் போதுமானவை. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை வண்டியை நிழலில் நிறுத்திப் பிள்ளைகளை ஓடவிட வேண்டும். ஒரு நிமிட வேலைக்காகத்தானும் பூட்டிய வண்டிக்குள் குழந்தையை விட்டுச் செல்லலாகாது. வன்னி வெயிலில் கண்ணாடி மூடிய வண்டி சிறிது நேரத்தில் அடுப்பாகிவிடும். வன்னியிலே மாலைக்குப் பின் மாடுகள் வீதியிற் படுத்திருக்குமாதலால் பொழுது சாயுமுன் ஊர் சேர்வதே புத்தி. நாங்கள் விடியற்காலை நான்கு மணிக்கே புறப்பட்டோம்.

வழியே பாடசாலை

மாத்தளையைக் கடந்தவுடன் வீதியோரத்தில் அலுவிகாரை உள்ளது. பௌத்தரின் திரிபிடகம் முதன்முதல் ஏட்டில் எழுதப்பட்ட இடமாக அது போற்றப்படுகிறது. கிறிஸ்துவுக்கு முற்பட்ட முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், போரும் பஞ்சமும் நாட்டை வருத்தின. அதுவரையில் பிக்குகள் மனனஞ் செய்து வாய்வழியாகவே காத்துவந்த நூல்கள், அவற்றை அறிந்தோர் மடிந்தால் உடன் மடிந்துவிடுமே என்ற அச்சத்தினால் எழுதப்பட்டன என்பது வரலாறு. இதனை மகளுக்குச் சொன்னேன். சிறிது நேரம் மௌனமாயிருந்து, "அப்பப்பாவின் கதைகளை யார் எழுதி வைத்திருக்கிறார்கள்?" என்று கேட்டாள். ஒருவரும் இல்லை என்றேன். தம்புள்ளையில் நிறுத்தியபோது ஒரு கொப்பி வாங்கித் தரும்படி கேட்டாள், வாங்கிக் கொடுத்தேன்.

மிகிந்தலை, மதவாச்சி, வவுனியா என்று ஊர்கள் பின்சென்றன. மலைநாட்டுப் பசுமை மறைந்து, வரண்ட காடும், நீர் வற்றிய குளங்களும் வந்தன. மழை பெய்யாத ஆவணியில் குளங்கள் ஏன் வற்றுகின்றன, ஐப்பசி கார்த்திகையில் வடகீழ்ப் பருவக்காற்று அவற்றை எவ்வாறு நிரப்புகிறது என்பனவற்றைப் பாடப்புத்தகத்தை விரிக்காமலே கற்பிக்கலாம். முறிகண்டிப் பிள்ளையாரை வணங்காது கடக்கும் வாகனம் அரிது. அங்கே சிதறு தேங்காய் உடைத்து, சுடச்சுட வறுத்த கச்சான் வாங்கினோம். கச்சான் கோதுகளை எண்ணிக்கொண்டே மகன் கிளிநொச்சி வரை அமைதியாக வந்தான்.

பின்னர் ஆனையிறவு. இருபுறமும் கடல்நீரேரி விரிந்து கிடக்கிறது. முற்காலத்தில் வன்னிக் காட்டிற் பிடித்த யானைகளை ஆழமற்ற இந்நீர்வழியே குடாநாட்டுக்கு ஓட்டிச் சென்று, அங்கிருந்து கப்பலேற்றினர். அதனால் வந்த பெயர் இது. யானை என்றதும் கடைக்குட்டி எழுந்து நின்று தேடலானான். 1991, 2000, 2009 ஆகிய ஆண்டுகளில் இதே வெளியிலே கடும் போர் நிகழ்ந்தது. அதனை எவ்வளவு சொல்வது, எவ்வாறு சொல்வது என்பதே என் மனத்தில் இருந்தது.

பளையை அண்மியபோது மகனே தொடங்கினான்: "அப்பா, இந்தப் பனைகளுக்குத் தலை எங்கே?"

எறிகணையில் வட்டு இழந்து, கறுத்த தூண்களாக நிற்கும் பனைகளை அவன் கண்டுவிட்டான். சிறு பிள்ளை கேட்கும் வினாவுக்குப் பொய் சொல்லலாகாது. கேளாததையெல்லாம் அள்ளிக் கொட்டவும் வேண்டுவதில்லை. "இங்கே ஒரு சண்டை நடந்தது. அதில் முறிந்துவிட்டன. கீழே பார், எவ்வளவு வடலி!" என்றேன். பனை காய்ப்பதற்குப் பன்னிரண்டு பதினைந்து ஆண்டுகளாவது செல்லும் என்பதையும் சொன்னேன். அவ்வளவுக்கு நான் கிழவனாகிவிடுவேனே என்றான். எல்லோரும் சிரித்தோம்.

ஐயாவின் முற்றத்தில்

பிற்பகலில் வீடு சேர்ந்தோம். ஐயா வேலிப் படலையடியிலே கதிரை போட்டு அமர்ந்திருந்தார். காலையிலிருந்தே அங்கேதான் என்று அக்கா சொன்னார். கடைக்குட்டி புதிய முகத்துக்கு அஞ்சித் தாயின் தோளிற் புதைந்துகொண்டான். ஐயா வற்புறுத்தவில்லை. சோளகக் காற்றில் விழுந்திருந்த பனம்பழம் ஒன்றை அவன் முன்னே உருட்டிவிட்டார். அது திரும்ப உருண்டு வந்தது. நாலைந்து முறை போய் வந்ததும் குழந்தையும் மடிக்கு வந்துவிட்டான். செவியருகே வாயை வைத்து "அப்பப்பா" என்று கத்தினான். "கேக்குது, கேக்குது" என்றார் ஐயா. மறுபடியும் கத்தச் சொன்னார்.

மறுநாள் ஜன்ம நட்சத்திரம். காலையிற் கோயிலில் அபிஷேகமும் அர்ச்சனையும். வீட்டிலே பொங்கலும், வாழையிலையில் மரக்கறிச் சாப்பாடும், வடை பாயசமும். அக்கா பனங்களியைப் பிழிந்து பனங்காய்ப் பணியாரம் சுட்டிருந்தார். சிறுவர் அதன் மணத்துக்கு முதலில் முகஞ் சுளித்தனர்; பின்னர் தட்டைக் காலி செய்தனர்.

மாலையில் மகள் கொப்பியுடன் அப்பப்பாவின் காலடியில் அமர்ந்தாள். அவருக்குச் செவி மந்தமாதலால் கேள்விகளைப் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டினாள். அவர் வாயாற் பதில் சொன்னார். 1995 ஒக்டோபர் 30 ஆம் நாள் இரவில் வலிகாமத்து மக்கள் அனைவரும் ஊரைவிட்டுத் தென்மராட்சிக்குப் புறப்பட்ட கதையை அவர் சொன்னபோது நானும் அருகிலிருந்தேன். அன்று அவருக்கு வயது ஐம்பது. நான் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த சிறுவன். மழை. நாவற்குழிப் பாலத்தை நோக்கி அடியடியாக நகர்ந்த சனம். முதல் நாள் எங்கள் வண்டி சில நிமிடங்களிற் கடந்த தூரத்துக்கு அன்று ஓர் இரவு முழுவதும் சென்றது. "அப்பா அழுதாரா?" என்று மகள் எழுதிக் காட்டினாள். "இல்லை. ஆனால் புத்தகப் பையை மட்டும் ஒருத்தரிட்டையும் குடுக்கேல்லை. அம்மா சைக்கிளிலை வைக்கச் சொன்னாள், கேக்கேல்லை" என்றார் ஐயா. அந்தப் பையை நான் மறந்தே போயிருந்தேன்.

அவள் கொப்பியிற் பதினான்கு பக்கங்கள் நிறைந்தன. கடைசிப் பக்கத்தில், வழியிலே நான் சொன்ன கணக்கை எழுதிக் காட்டினாள்: ஆயிரத்திலிருந்து 989 ஐக் கழித்தால் மிகுதி 11. "இன்னும் பதினொரு நிலாத்தான் அப்பப்பா. அதுக்கும் வருவம்." எழுதியதை ஐயா இருமுறை வாசித்தார். "வாருங்கோ, நான் எண்ணிக்கொண்டிருப்பன்" என்றார்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளைகள் வளரட்டும், பிறகு போகலாம் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் அவர்கள் வளரும் அதே ஆண்டுகளில் முதியோரின் கண்ணும் செவியும் நினைவும் தேய்கின்றன. இரண்டு வயதுப் பிள்ளைக்கு இப்பயணம் நினைவில் நில்லாதிருக்கலாம். எண்பது வயதினருக்கு நிற்கும். மாணவர்களே, நீங்கள் செல்லும்போது ஒரு கொப்பியும் பென்சிலும் கொண்டு செல்லுங்கள். பெரிய கேள்விகள் வேண்டுவதில்லை. எந்தப் பள்ளிக்கூடத்திற் படித்தீர்கள், எதில் ஏறிப் போனீர்கள், என்ன சாப்பிட்டீர்கள் என்று கேளுங்கள். சொல்பவரின் சொற்களிலேயே எழுதி, திகதியும் இட்டு வையுங்கள். உங்கள் பெற்றோரே அறியாத சில செய்திகள் அதில் வந்து சேரும்.