வேகம் கூடினால் எது கூடும்?

திருச்சியிலிருந்து காவிரிப் பாலத்தைக் கடந்து ஸ்ரீரங்கம் செல்லும்போது, பழைய மாருதி காரொன்று உறுமிக்கொண்டு உங்களை முந்தியிருக்கலாம். மாருதி 800-ஐ விற்றுவிட்டு, எஸ்டீம் வாங்கி அதன் வேகத்தைக் கூட்டலாம் என்று எண்ணும் இளைஞர்கள் உண்டு. இரண்டுமே ஜப்பானிய சுஸுகி எஞ்சின் கொண்டவை. 1983இல் வந்த 800-இன் கொள்ளளவு 796 சி.சி.; 1994இல் வந்த எஸ்டீமின் கொள்ளளவு 1,298 சி.சி. இந்த வேறுபாட்டின் பொருள் என்ன?

எஞ்சினை ஒரு காற்றுப் பம்பு என்று கொள்ளுங்கள். நான்கு வீச்சு எஞ்சினின் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை காற்றை இழுக்கிறது. நிமிடத்திற்கு 6,000 சுற்றில் 800 சுமார் 2,390 லிட்டரும், எஸ்டீம் சுமார் 3,890 லிட்டரும் இழுக்கக்கூடும். காற்று மிகுந்தால் அதற்கேற்பப் பெட்ரோலும் எரியும்; திறன் கூடும். எனவேதான் மாற்றியமைப்போர் பெரிய எஞ்சினை நாடுகின்றனர்.

ஆனால் வேறொரு வழியும் உண்டு. கோவையைச் சேர்ந்த எஸ். கரிவரதன் 1980களின் இறுதியில் மாருதி 800-இன் எஞ்சினையே எடுத்து, எடை குறைந்த ஒற்றை இருக்கைப் பந்தயக் காரில் பொருத்தினார். 'பார்முலா மாருதி' பிறந்தது. பிற்காலத்தில் பார்முலா 1 வரை சென்ற நரேன் கார்த்திகேயனும் இவ்வகைக் காரில் ஓட்டியவரே. சுமை குறைந்தால், அதே திறன் காரை விரைவாக முடுக்கும்.

இனி, காரை நிறுத்துவதைப் பார்ப்போம். இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது. வேகம் 60 கிலோமீட்டரிலிருந்து 90 ஆனால், அதாவது ஒன்றரை மடங்கானால், ஆற்றல் 2.25 மடங்காகிறது. அத்தனையையும் பிரேக்குகளே வெப்பமாக்க வேண்டும். உலர்ந்த நல்ல சாலையில் 60-இல் ஏறத்தாழ 20 மீட்டரில் நிற்கும் கார், 90-இல் 45 மீட்டர் ஓடியே நிற்கும். பிரேக்கை மிதிக்கும் முன் கழியும் ஒரு வினாடியில் இன்னும் 25 மீட்டர் போய்விடும். ஆக 70 மீட்டர்! பாலத்தில் சைக்கிளில் செல்பவருக்கு அவ்வளவு இடம் கிடைக்குமா?

ஆகவே எந்தக் காருக்கு மாறினாலும் முதலில் கவனிக்க வேண்டியவை பிரேக்கும் டயரும்; எஞ்சின் அதற்குப் பிறகே. பதிவில் உள்ள தயாரிப்பாளரின் விவரங்களுக்கு முரணாக வாகனத்தை மாற்றக் கூடாது என்பது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. உச்ச நீதிமன்றமும் 2019இல் இதை வலியுறுத்தியது. வேகத்தைச் சோதிக்க விரும்புவோருக்கு ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் தடம் இருக்கிறது. காவிரிப் பாலமோ எல்லோருக்கும் உரியது.