பவளமும் கடல் சாமந்தியும் ஒரே தொட்டியில்: ஏன் ஒத்துப்போவதில்லை?

போன மாதம் மச்சினன் வீட்டுக்கு வந்திருந்தான். மாடியில் காலியாகக் கிடக்கிற கண்ணாடித் தொட்டியைப் பார்த்துவிட்டு ஆரம்பித்தான். "அத்தான், சிங்கப்பூர்ல வச்சிருந்தீயள்லா, பவளம், நீமோ மீனு, அப்புறம் அந்தப் பூ மாதிரி ஒண்ணு... அதே மாதிரி இங்க ஒண்ணு வச்சா என்ன? தூத்துக்குடி என்ன அவ்வளவு தூரமா?"

ஆய்க்குடியிலிருந்து தூத்துக்குடி சுமார் நூறு கிலோமீட்டர். தூரம் ஒரு பிரச்சினையே இல்லை. "வேண்டாம் மாப்ள" என்று மட்டும் அப்போது சொன்னேன். அவன் முகம் சுருங்கிவிட்டது. அவனுக்குச் சொல்லாமல் விட்ட நீண்ட பதில்தான் இந்தக் குறிப்பு.

இரண்டும் யார்?

அவன் 'பூ' என்று சொன்னது கடல் சாமந்தி. அனிமோன் என்றால் பலருக்குப் புரியும். பூ மாதிரி இருந்தாலும் அது விலங்கு. நம் பள்ளிப் பாடத்தில் 'குழியுடலிகள்' என்று படித்தோமே, ஜெல்லி மீன், ஹைட்ரா எல்லாம் வருகிற தொகுதி, அதைச் சேர்ந்தது. பவளமும் அதே தொகுதிதான். சொல்லப்போனால் இரண்டும் நெருங்கிய பங்காளிகள்.

பவளத்தின் ஒரு துண்டை உருப்பெருக்கியில் பார்த்தால் நூற்றுக்கணக்கான குட்டிக் குட்டி உயிர்கள் தெரியும். ஒவ்வொன்றும் ஒரு பாலிப். நடுவில் வாய், சுற்றிலும் உணர்கொம்புகள். பார்ப்பதற்கு ஒவ்வொன்றும் ஒரு சின்ன கடல் சாமந்தி போலவே இருக்கும். ஒரே வித்தியாசம், பவள பாலிப் தன்னைச் சுற்றிச் சுண்ணாம்பில் ஒரு கிண்ணம் கட்டிக்கொண்டு அதற்குள்ளேயே ஆயுளுக்கும் உட்கார்ந்துவிடுகிறது. கடல் சாமந்தி வீடு கட்டுவதில்லை. அடிப்பகுதியில் இருக்கும் தட்டையான பாதத்தால் பாறையைப் பிடித்துக்கொள்கிறது. இடம் பிடிக்கவில்லை என்றால் பிடியைத் தளர்த்திவிட்டு மெல்ல ஊர்ந்து வேறு இடத்துக்குப் போய்விடும்.

இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் அத்தனை சிக்கலும் இதிலிருந்துதான்.

மற்றபடி இரண்டுக்கும் தேவைகள் கிட்டத்தட்ட ஒன்றுதான். பவளப்பாறையைக் கட்டும் பவளங்களும், கோமாளி மீன்கள் குடியிருக்கும் பெரிய கடல் சாமந்திகளும் தங்கள் உடலுக்குள் நுண்பாசிகளை வளர்க்கின்றன. பாசி வெளிச்சத்தை வைத்துச் சமைக்கிறது, விலங்கு அதில் பங்கு வாங்கிக்கொள்கிறது. அதனால் இரண்டுக்கும் நல்ல வெளிச்சம் வேண்டும். லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு, 25 முதல் 27 டிகிரி வெப்பம், சுத்தமான தண்ணீர் வேண்டும். பவளத்துக்கு மட்டும் எலும்புக்கூடு கட்டச் சுண்ணாம்புச் சத்து கூடுதலாக வேண்டும். தண்ணீரில் கால்சியம் 400 பிபிஎம்மை ஒட்டிக் குறையாமல் இருக்க வேண்டும்.

தாளில் எழுதிப் பார்த்தால் பத்துக்கு ஒன்பது பொருத்தம். நானும் அப்படித்தான் நம்பினேன்.

என் தொட்டியில் நடந்தது

சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது 200 லிட்டர் தொட்டி வைத்திருந்தேன். அதில் நான்கைந்து பவளங்கள் எட்டு மாதமாக நன்றாக வளர்ந்துகொண்டிருந்தன. அந்தத் தைரியத்தில் ஒரு குமிழ்நுனிச் சாமந்தி வாங்கிவந்தேன். உணர்கொம்புகளின் நுனி உருண்டையாகக் குமிழ் போல இருக்கும். 'பவளத்தோட தாராளமா வைக்கலாம்' என்றார் கடைக்காரர். என் கண்ணுக்கு எடுப்பாகத் தெரிந்த பாறையில், தொட்டியின் நடுவில் வைத்தேன்.

மூன்றாம் நாள் காலையில் அது அங்கே இல்லை. ஒரு சாண் தள்ளி, மூளைப் பவளத்தை ஒட்டி உட்கார்ந்திருந்தது. உணர்கொம்புகள் பட்ட இடமெல்லாம் பவளத்தின் சதை கரைந்து வெள்ளை எலும்பு தெரிந்தது. பவளத்தை எடுத்து வேறு மூலையில் வைத்தேன். அடுத்த வாரம் சாமந்தி மறுபடியும் கிளம்பி இன்னொரு பவளத்தின் மேல் ஏறியது.

அந்த வாரக் கடைசியில் ஆபீஸில் ஒரு ரிலீஸ். இரண்டு நாள் தொட்டிப் பக்கமே போகவில்லை. திங்கள்கிழமை காலையில் பார்த்தால் தண்ணீர் பால் மாதிரி இருந்தது. ராத்திரியில் சாமந்தி ஊர்ந்து அலை மோட்டாருக்குள் போய்ச் சிக்கி அரைபட்டிருந்தது. அழுகிய சதையிலிருந்து வந்த அம்மோனியா மீன்களையும் மிச்சமிருந்த பவளங்களில் பாதியையும் கொண்டுபோய்விட்டது. எட்டு மாத உழைப்பு இரண்டு ராத்திரியில் போயிற்று. பணம் போனது கூடப் பெரிதாகத் தெரியவில்லை. கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து வெளியே போட்டது இன்னும் மறக்கவில்லை.

கொட்டுவது எப்படி?

இந்தத் தொகுதி முழுக்க ஒரே ஆயுதம்தான், கொட்டும் செல்கள். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் சுருட்டிவைத்த ஒரு நூல், மிகுந்த அழுத்தத்தில் அடைபட்டிருக்கிறது. ஏதாவது பட்டால் நூல் பாய்ந்து குத்தி விஷத்தை இறக்குகிறது. ஹைட்ராவில் இதை அதிவேகக் கேமராவால் 2006ல் அளந்தார்கள். பாய்ச்சலின் முக்கியமான கட்டம் 700 நானோ விநாடிக்குள் முடிந்துவிடுகிறதாம். உயிருலகில் நாம் அறிந்த மிக வேகமான அசைவுகளில் ஒன்று.

பவளம் மட்டும் சாது என்று நினைக்காதீர்கள். ஜூடித் லாங் என்ற ஆய்வாளர் ஜமைக்காவில் பவளங்களை அருகருகே வைத்துப் பார்த்து, 1970களின் தொடக்கத்தில் முடிவுகளை வெளியிட்டார். சில பவளங்கள் தங்கள் குடலில் உள்ள இழைகளை வெளியே நீட்டி, பக்கத்துப் பவளத்தை அது இருக்கும் இடத்திலேயே செரித்துவிடுகின்றன. மெதுவாக வளரும் இனங்கள் பல, வேகமாக வளரும் இனங்களிடமிருந்து இப்படித்தான் தங்கள் இடத்தைக் காப்பாற்றிக்கொள்கின்றன. வேறு சில பவளங்கள் இரவில் நீளமான உணர்கொம்புகளைத் துழாவ விடும். மென்பவளங்கள் தண்ணீரிலேயே ரசாயனத்தைக் கலந்துவிடும்.

ஆனால் பவளத்தின் சண்டைக்கு ஓர் எல்லை உண்டு. கை எட்டும் தூரம்தான் அதன் போர்க்களம். கொஞ்சம் இடைவெளி விட்டு வைத்தால் சண்டை இல்லை. சாமந்தி அப்படியில்லை, எல்லையையே தூக்கிக்கொண்டு நடக்கிறது. என் தொழில் பாஷையில் சொன்னால், பவளம் தனக்கு ஒதுக்கிய மெமரிக்குள் ஓடுகிற ப்ரோகிராம். சாமந்தி அடுத்தவன் மெமரியில் எழுதுகிற ப்ரோகிராம்.

சமாளிக்கிறவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள்?

இரண்டையும் சேர்த்து வருடக்கணக்கில் வைத்திருப்பவர்களும் வெளிநாடுகளில் இருக்கிறார்கள். அவர்கள் செய்வதையும் நான் செய்ததையும் ஒப்பிட்டால் என் தப்பு பளிச்சென்று தெரிகிறது.

முதலாவது வரிசை. நான் பவளத்தை முதலில் வைத்துச் சாமந்தியைப் பிறகு கொண்டுவந்தேன். அவர்கள் தலைகீழாகச் செய்கிறார்கள். தொட்டி ஆறு மாதமோ ஒரு வருடமோ ஓடி நிலைப்பட்ட பிறகு சாமந்தியை விடுகிறார்கள். அது ஊர்ந்து, தேடி, தனக்குப் பிடித்த இடத்தில் காலை ஊன்றும். அங்கே மாதக்கணக்கில் அசையாமல் இருந்தால்தான் பவளமே வரும், அதுவும் எட்டாத தூரத்தில்.

இரண்டாவது இடம். சாமந்திக்கென்று ஒரு தனிப் பாறை, சுற்றிலும் வெறும் மணல். குமிழ்நுனிச் சாமந்தி பாறை இடுக்கில் பாதத்தை மறைத்துக்கொள்ளும் இனம். வசதியான இடுக்கு கிடைத்துவிட்டால் மணலைத் தாண்டிப் போக அதற்கு அவ்வளவாக மனசு வராது.

மூன்றாவது பாதுகாப்பு. மோட்டார் வாயெல்லாம் வலையோ பஞ்சோ போட்டு மூட வேண்டும். ரசாயனச் சண்டைக்கு வடிகட்டியில் கரி வைக்க வேண்டும்.

இதெல்லாம் செய்தாலும் ஒன்று மிச்சம். குமிழ்நுனிச் சாமந்தி தானாகவே இரண்டாகப் பிளந்து பெருகும். பிளந்த பாதி புது இடம் தேடி நடக்கும், கதை மறுபடி முதலிலிருந்து. அதனால் அனுபவசாலிகள் பலர் கடைசியில் இரண்டு தொட்டி வைத்துக்கொள்கிறார்கள்.

கடலில் என்ன ஏற்பாடு?

நம் மன்னார் வளைகுடாவையும் பாக் நீரிணையையும் பார்த்தபிறகு எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. இங்குள்ள பெரிய சாமந்திகளில் ஒன்று ஸ்டைகோடாக்டிலா ஹேடனி, தரை விரிப்பு மாதிரி அகலமானது. இது வாழ்வது பெரும்பாலும் மணலில், பவளக் கூட்டத்துக்கு நடுவில் அல்ல. பாதத்தை மணலுக்குள் புதைத்துக்கொண்டு மேலே விரிந்திருக்கும், தொந்தரவு செய்தால் மணலுக்குள் சுருங்கிவிடும். நம் கடலின் கோமாளி மீனான ஆம்ஃபிப்ரியான் செபே இதில்தான் குடியிருக்கிறது. (ஹேடனி என்ற பெயர் ஆல்ஃபிரட் ஹேடன் நினைவாக வைத்தது. பிற்காலத்தில் மானிடவியலாளராகப் புகழ்பெற்றவர், தொடக்கத்தில் கடல் சாமந்தி ஆராய்ச்சிக்காரர்.)

ஆக, கடலில் அவரவருக்கு இடம் இருக்கிறது. நாலடித் தொட்டியில் அந்த இடத்தை நாம் பிடுங்கிக்கொண்டு, பிறகு 'ஏன் சண்டை போடுகிறது' என்று கேட்கிறோம்.

சரி, இங்கே ஏன் வேண்டாம் என்றேன்?

முதல் காரணம் சட்டம். 1972ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியும் யானையும் இருக்கிற அதே அட்டவணையில், 2001ல் பவளங்களைச் சேர்த்தார்கள். பாறை கட்டும் எல்லாக் கல் பவளங்களும், கருப்புப் பவளம், கடல் விசிறி, நெருப்புப் பவளம் போன்றவையும் அதில் உண்டு. நம் கடலிலிருந்து உயிரோடு ஒரு துண்டு எடுத்தாலும் குற்றம்தான்.

இரண்டாவது, இந்தச் சட்டம் சும்மா வரவில்லை. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையில் 21 தீவுகள். சுண்ணாம்புக்காகப் பல ஆண்டுகள் பவளத்தை வெட்டி எடுத்ததில் இரண்டு தீவுகள், விலங்குசல்லியும் பூவரசன்பட்டியும், கடலுக்குள் மூழ்கிவிட்டன. 1986ல் இந்தப் பகுதியைக் கடல்வாழ் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். இப்போது வெட்டுவது நின்றாலும் வெப்பம் விடவில்லை. கோடையில் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டும்போது பவளம் தன் பாசியைத் துப்பிவிட்டு வெளுக்கிறது. 2016ல் பெரிய அளவில் அப்படி வெளுத்து, கணிசமான பவளம் செத்தது.

சாமந்தி அந்த அட்டவணையில் இல்லை. 'அப்போ அதை மட்டுமாவது வைக்கலாமே' என்று மச்சினன் கேட்பான். என் பதில் 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இருக்கிறது. 1850களில் ஃபிலிப் ஹென்றி காஸ் கடல் தொட்டிகளைப் பற்றி எழுதி, வீட்டுக்கு வீடு தொட்டி வைக்கும் மோகத்தைக் கிளப்பினார். பிரிட்டன் கடலின் சாமந்திகளையும் பவளங்களையும் பற்றியே ஒரு பெரிய புத்தகம் போட்டார். ஜனங்கள் கரையோரப் பாறைக் குட்டைகளுக்குப் படையெடுத்து அள்ளினார்கள். அந்தக் குட்டைகள் வெறிச்சோடிப் போனதைப் பற்றி அவருடைய மகன் எட்மண்ட் காஸ் 1907ல் வருத்தத்தோடு எழுதினார்.

அதே காலத்தில் இன்னொரு கதையும் நடந்தது. ஸ்காட்லாந்தில் ஜான் டேலியல் என்பவர் 1828ல் கடற்கரையில் ஒரு சாமந்தியை எடுத்து வந்தார். ஒரு கண்ணாடி ஜாடியில் தனியாக, கடல்நீரை மாற்றி மாற்றி வைத்திருந்தார். அவர் இறந்த பிறகும் கைமாறி வாழ்ந்து, 'பாட்டி' என்று பெயர் வாங்கி, 1887ல்தான் அது இறந்தது. எடுத்த பிறகே 59 வருடம்! என் தொட்டியில் ஒன்று இரண்டு வாரம்தான் இருந்தது. நாம் வாங்கும் உயிரின் ஆயுள் நம் ஆயுளோடு போட்டி போடும் என்பது கடையில் நிற்கும்போது யாருக்கும் தோன்றுவதில்லை.

பண்ணையில் பிளந்து வளர்த்தது என்று உறுதியாகத் தெரியாதவரை, விற்பனைக்கு வரும் சாமந்தி கடலிலிருந்து பிடுங்கியது என்றே நான் வைத்துக்கொள்கிறேன்.

மச்சினனுக்கு

கோமாளி மீன் வைக்கலாம் மாப்ள. மண்டபத்தில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய மையத்தில் கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்துக் குஞ்சு வளர்க்கும் முறையை உருவாக்கியிருக்கிறார்கள், பரங்கிப்பேட்டையிலும் செய்திருக்கிறார்கள். அப்படிப் பண்ணையில் பிறந்த மீனாகப் பார்த்து வாங்க வேண்டும். அதற்குச் சாமந்தி கட்டாயம் இல்லை. கடலில் அது சாமந்திக்குள் ஒளிவது தன்னைத் தின்ன வருகிறவனுக்குப் பயந்து. தொட்டியில் அப்படி யாரும் இல்லை. ஒரு பானை ஓட்டைக் கவிழ்த்து வைத்தால் அதையே வீடாக வைத்துக்கொள்ளும்.

அதற்கும் முன்னால் ஒரு சோதனை ஓடிக்கொண்டிருக்கிறது. உன் தொந்தரவு தாங்காமல் தொட்டியைக் கழுவி, ஆர்ஓ தண்ணீரில் உப்பைக் கலந்து, மோட்டாரை மட்டும் ஓட விட்டிருக்கிறேன். உயிர் எதுவும் இல்லை. தினமும் மத்தியானம் மூன்று மணிக்கும், கரண்ட் போய் வந்த பிறகும் வெப்பநிலையைக் குறித்துவைக்கிறேன். குற்றாலச் சாரல் அடிக்கிற மாதத்தில் எந்தத் தொட்டியும் நன்றாகத்தான் இருக்கும். மே மாதம் தாண்டட்டும். அந்த எண்களைப் பார்த்துவிட்டு மீன் வாங்குவதைப் பற்றிப் பேசுவோம்.