பழைய வீட்டு அடுப்படிக்கேற்ற புகையில்லா அடுப்பு

நம் ஓசூர் வட்டாரம் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் உள்ளது. மார்கழிக் குளிரில் வெந்நீரின்றிக் காலைப்பொழுது தொடங்குவதில்லை. 2016-ல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தின் பயனாகப் பல வீடுகளுக்குச் சமையல் எரிவாயு வந்துள்ளது. எனினும் வெந்நீருக்கும் கேழ்வரகுக் களிக்கும் விறகடுப்பை நாடும் வீடுகள் சானமாவிலும் சுற்றுப்புற ஊர்களிலும் இன்னும் உள.

விறகு எங்கிருந்து வருகிறது? குளிர்காலத்தில்தான் கர்நாடகக் காடுகளிலிருந்து யானைக் கூட்டங்கள் சானமாவுக் காப்புக்காட்டிற்கு வந்து தங்குகின்றன. அச்சமயம் சுள்ளி பொறுக்கச் செல்வது உயிருக்கே ஆபத்து. மற்றொரு ஆபத்து வீட்டிற்குள்ளேயே இருக்கிறது. வீட்டுப் புகையால் 2020-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 32 லட்சம் பேர் மாண்டதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. ஆதலின் அடுப்பைத் தேர்ந்தெடுப்பது அற்ப விஷயமன்று.

புகையில்லா அடுப்பு நம் நாட்டிற்குப் புதியதன்று. ஹைதராபாத் பொறியியல் ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த டாக்டர் எஸ். பி. ராஜு 1953-லேயே இது குறித்து நூல் எழுதினார். நமக்கு அண்டையிலுள்ள பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 1974-ல் தோன்றிய ‘அஸ்த்ரா’ என்னும் கிராமத் தொழில்நுட்பப் பிரிவு, மூன்று பாத்திரங்கள் வைக்கத்தக்க ‘அஸ்த்ரா ஒலெ’யை உருவாக்கியது. ‘ஒலெ’ என்றால் அடுப்பு என்று கன்னடமறிந்த நம்மவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதில் விறகு இரும்புச் சட்டத்தின்மேல் எரியும்; சாம்பல் கீழே விழும்; அனல் மூன்று பாத்திரங்களையும் தழுவிச் சென்றபின் புகை குழாய் வழியே வெளியேறும்.

1983-ல் தொடங்கி 2002-ல் முடிவுற்ற தேசியத் திட்டத்தின் கீழ் மூன்று கோடிக்கு மேற்பட்ட மேம்பட்ட அடுப்புகள் நாடெங்கும் அமைக்கப்பட்டன. அவற்றுள் பல சில ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டன. வீட்டுப் பாத்திரத்திற்கும் விறகிற்கும் அடுப்பு பொருந்தாமையும், குழாயைச் சுத்தம் செய்யாமையும் முக்கிய காரணங்களாம். இதிலிருந்து நாம் கற்க வேண்டியது யாதெனில், அடுப்பை வாங்குமுன் அடுப்படியை அளக்க வேண்டும் என்பதே.

பழைய வீடுகளில் அடுப்பு மேடை சுவரையொட்டி ஒன்றரை அடி அகலமே இருப்பதுண்டு. அதில் நீண்ட அடுப்பைச் சுவருக்கு எதிராக நீட்டி வைத்தால், விறகு வாய் மேடைக்கு வெளியே தொங்கும். தணல் தரையில் சிந்தும். நடமாடும் குழந்தையின் காலில் படும். ஆழத்தைக் கூட்டுவதற்காக மண்சுவரைக் குடைவது அதனினும் தவறு. கூரையின் பாரத்தைத் தாங்குவது அச்சுவரே. இத்தகைய இடத்தில் அடுப்பைச் சுவரின் நீளத்திற்கு இணையாகக் கட்டி, ஒரு முனையில் விறகு வாயும் மறுமுனையில் புகைக்குழாயும் அமைப்பதே சரி. விறகு வாய்க்கு முன்னால் விறகு நீட்டிக்கொண்டிருக்க இரண்டடி இடம் ஒழிய வேண்டும். அவ்வளவு நீளமும் இல்லையேல் இரண்டு பாத்திர அடுப்பே போதும். மூன்றாம் பாத்திரத்திற்கு ஆசைப்பட்டு நடைவழியை அடைக்க வேண்டாம்.

பின்னர் பாத்திரத்தைப் பார்க்க வேண்டும். களி கிண்டுகையில் துடுப்பின் விசைக்குப் பானை அசையாது நிற்க வேண்டுமாதலால், இலேசான தகர அடுப்பு உதவாது. மேடையோடு சேர்த்துக் கட்டிய அடுப்பே ஏற்றது. அன்றாடம் வைக்கும் பானையைக் கொத்தனாரிடம் கொடுத்து, அதன் அளவுக்கே வாய் அமைக்கச் சொல்லுங்கள். பானைக்கும் வாய்க்கும் இடையே சந்து இருந்தால் புகை அறைக்குள்ளேயே வரும்.

புகைக்குழாய் நான்கு அங்குல விட்டத்துடன், இயன்றவரை வளைவின்றி நேராகச் செல்லட்டும். அது கூரையைத் துளைக்கும் இடத்திற்கு மேல் மூன்றடியாவது உயர வேண்டும். மரச் சட்டங்களிலிருந்து ஒன்றரை அடி விலகியிருக்க வேண்டும். ஓலைக்கூரை வீட்டில் குழாயை ஒருபோதும் கூரைவழி விடலாகாது. வேலை முடிந்ததும் விறகு வாயருகே ஓர் ஊதுவத்தியைப் பிடித்துப் பாருங்கள். அதன் புகை உள்ளே இழுபட்டால் அமைப்பு செம்மை. அறைக்குள் திரும்பினால், கொத்தனாருக்குக் கூலி கொடுக்குமுன் குழாயைத் திருத்தச் சொல்லுங்கள்.

ஈர விறகை எந்த அடுப்பும் சரியாக எரிக்காது. பட்டுப்புழு வளர்க்கும் அங்கத்தினர்களுக்கு ஒரு வசதியுண்டு. இலை தின்றபின் எஞ்சும் மல்பெரிக் குச்சிகளைக் கட்டி நிழலில் உலர்த்தி வைத்தால், காட்டுக்குச் செல்ல வேண்டிய நாட்கள் குறையும். மாதம் ஒருமுறை குழாய்க் கரியைத் தட்டுவதும் அவசியம். அதற்கெனக் குழாயின் அடியில் மூடியுள்ள சிறு திறப்பு வைத்துக் கட்டுவது நலம்.

ஒன்றை மறைப்பதற்கில்லை. எவ்வளவு நல்ல விறகடுப்பும் எரிவாயுவைப் போல் சுத்தமாகாது. கைக்குழந்தையோ, கர்ப்பிணியோ, இரைப்பு நோயாளியோ உள்ள வீட்டில் அன்றாடச் சமையல் எரிவாயுவிலேயே நடக்கட்டும். விறகடுப்பு வெந்நீருக்கும் களிக்கும் மட்டும் இருக்கட்டும்.

புது அடுப்பு வாங்க எண்ணும் அங்கத்தினர்கள் முதலில் ஓர் அளவுநாடாவை எடுத்து மேடையின் நீளம், அகலம், கூரையின் உயரம், பெரிய பானையின் விட்டம் ஆகிய நான்கையும் குறித்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம். அந்த அளவுகளை வைத்து முடிவு சொல்லும் உரிமை, நாள்தோறும் அடுப்பின் முன் அமரும் பெண்மணிக்கே உரியது.