மறுக்கப்பட்ட உதவியும் மேல்முறையீடும்

சென்ற ஆண்டு, ஆய்வின் நிமித்தம் நெசவாளர் கூட்டுறவுச் சங்கமொன்றிற்குச் சென்றிருந்தேன். கணக்குகளைப் பார்த்து முடித்த வேளையில், வயது முதிர்ந்த அங்கத்தினர் ஒருவர் மடிப்புகளில் நைந்துபோன இரு தாள்களை என்னிடம் நீட்டினார். “ஐயா, இனி இதில் செய்வதற்கு ஏதேனும் உண்டா, பார்த்துச் சொல்லுங்கள்” என்றார்.

விபத்தொன்றில் அவருடைய வலது காலும் இடது கை விரல்களும் பழுதுபட்டிருந்தன. குழித்தறியில் அமர்ந்து மிதிக்கட்டையை அழுத்தவும், பலகையை இழுத்து அடிக்கவும் அவரால் இயலவில்லை. அவர் தந்த தாள்களில் ஒன்று மருத்துவக் குழுவின் சான்று. அதில் ஊனம் 30 சதவீதம் என்றிருந்தது. மற்றொன்று, 40 சதவீதத்திற்குக் குறைவானதால் உதவி அளிப்பதற்கில்லை என்னும் கடிதம். சர்க்கார் முத்திரை பதிந்ததாயிற்றே, அதுவே முடிந்த முடிவு என்று அவர் எண்ணிவிட்டார். நம் அங்கத்தினர் பலரும் இவ்விதமே எண்ணுகின்றனர். அது தவறு.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 59ஆம் பிரிவில், சான்றளிக்கும் அதிகாரியின் முடிவினால் குறைபட்டவர் மேல்முறையீடு செய்ய உரிமை வழங்குகிறது. அதற்குரிய காலவரையறையையும் முறையையும் மாநில அரசே விதிக்கின்றது. ஆதலின், முடிவு கைக்கு வந்த நாளை உறையின் மீதே குறித்து வைத்து, தாமதமின்றி மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கெடுவையும், மனுவைப் பெறும் அதிகாரியையும் கேட்டறிதல் வேண்டும்.

மனு எழுதுவதில் நம்மவர் செய்யும் பிழை ஒன்றுண்டு. வறுமையையும் குடும்பக் கஷ்டத்தையும் பக்கம் பக்கமாக எழுதுவர்; மறுப்புக்குக் கூறப்பட்ட காரணத்திற்கு மட்டும் பதில் இராது. மருத்துவக் குழு, தறியில் உட்கார முடிகிறதா, ஏர் பிடிக்க முடிகிறதா என்று அளப்பதில்லை; மூட்டின் அசைவையும் தசையின் வலிவையும் அளக்கிறது. எனவே அளவையில் எது விடுபட்டது, எது குறைத்து மதிக்கப்பட்டது என்பதையே மனு எடுத்துரைக்க வேண்டும். சிகிச்சைச் சீட்டுகள், கதிர்ப்படங்கள் முதலியவற்றின் நகல்களை இணைக்க வேண்டும், மூலத்தைக் கைவிடலாகாது. அலுவலகத்திலுள்ள தாள்கள் தேவையாயின், 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி நகல் கோரலாம். 30 நாட்களுக்குள் பதில் தருதல் கடமை.

நமது அங்கத்தினரின் சான்றைக் கூர்ந்து நோக்கினேன். வலது கால் மட்டுமே மதிப்பிடப்பட்டிருந்தது. விண்ணப்பத்தில் கையைப் பற்றி அவர் எழுதவேயில்லை. சங்கக் காரியதரிசி மனு எழுத உதவினார். மறு பரிசோதனையில் கைக்கு 18 சதவீதம் கணிக்கப்பட்டது. இரண்டையும் நேராகக் கூட்டுவது முறையன்று. பெரிய அளவை 90இலிருந்து கழித்து, மீதியைச் சிறிய அளவால் பெருக்கி, 90ஆல் வகுத்து வருவதைப் பெரிய அளவுடன் சேர்ப்பர். அவ்வாறு 30உம் 18உம் சேர்ந்து 42 ஆயின.

இதனால் எல்லா உதவியும் கிட்டிவிடுமென்று கருதலாகாது. மத்திய அரசின் இந்திரா காந்தி ஊனமுற்றோர் ஓய்வூதியத்திற்கு 80 சதவீதம் தேவை. ஆயினும் 40 சதவீதம் என்பது பல கதவுகளைத் திறக்கும் வாயிற்படி. மேற்கூறிய சட்டத்தின் 37ஆம் பிரிவு, விவசாய நிலம், வீடு ஆகியவற்றின் ஒதுக்கீட்டிலும் வறுமை ஒழிப்புத் திட்டங்களிலும் இத்தகையோருக்கு 5 சதவீதம் ஒதுக்க வகை செய்கிறது. விளைவிப்போர் இதனைக் கருத்திற் கொள்வது நலம்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று தயங்க வேண்டாம். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, மாற்றுத்திறனாளிகள் மாவட்ட ஆணையத்தில் இலவச சட்ட உதவி பெறத் தகுதியுடையவர்.

நூல் அறுந்தால் தறியை விட்டு எழுந்துவிடுகிறோமா? முடிச்சிட்டு மேலே நெய்கிறோம். சங்க நிர்வாகிகள், மறுப்புக் கடிதம் பெற்ற அங்கத்தினர் எவரேனும் தத்தம் சங்கத்தில் உளரா என்று இம்மாதக் கூட்டத்திலேயே விசாரித்தறிவார்களாக. எழுதத் தெரிந்த ஒருவர் அவருக்காக ஒரு மணி நேரம் செலவிடுவாராயின், அதுவும் கூட்டுறவுப் பணியே ஆகும்.