ஆங்கிலத்தில் தோற்று, ஆங்கிலத்தில் வென்ற தமிழர்

மாட்டுங்கா, செம்பூர், தாராவி என்று மும்பையில் நம்மவர் எங்கிருந்தாலும் வீட்டில் தமிழ், தெருவில் இந்தியும் மராத்தியும், பள்ளியில் ஆங்கிலம் என்றுதான் நம் பிள்ளைகள் வளர்கிறார்கள். ‘எந்த மொழியும் உருப்படியாக வராமல் போய்விடுமோ?’ என்று பெற்றோர் பலர் என்னிடம் கவலைப்படுவதுண்டு. அவர்களுக்கெல்லாம் நான் ஆர்.கே. நாராயணின் வாழ்க்கையைத்தான் எடுத்துச் சொல்வேன்.

தாய்மொழி தமிழ், வாழ்ந்த மைசூரில் கன்னடம், எழுதியதோ ஆங்கிலம். 1906 அக்டோபர் 10ஆம் நாள் சென்னையில் பிறந்த ராசிபுரம் கிருஷ்ணசுவாமி நாராயணசுவாமி, புரசைவாக்கத்தில் பாட்டியிடம் வளர்ந்தார். கணக்கும் புராணமும் சங்கீதமும் பாட்டி கற்றுத் தந்தவை. தந்தை மைசூரில் தலைமை ஆசிரியர். ஆனால் மகன் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தோற்றார். அதுவும் ஆங்கிலப் பாடத்தில்! 1930இல்தான் பி.ஏ. பட்டம் கிடைத்தது. ஆசிரியர் வேலையும் ஒத்துவரவில்லை. எழுத்தே பிழைப்பு என்று துணிந்தார்.

முதல் நாவலான ‘சுவாமி அண்ட் ஃபிரண்ட்ஸ்’ லண்டன் பதிப்பகங்களிலிருந்து திரும்பித் திரும்பி வந்தது. மனம் நொந்தவர், ‘கல்லைக் கட்டித் தேம்ஸ் நதியில் போட்டுவிடு’ என்று ஆக்ஸ்போர்டில் படித்த நண்பருக்கு எழுதிவிட்டார். நண்பரோ அதை எழுத்தாளர் கிரஹாம் கிரீனிடம் சேர்த்தார். கிரீனின் முயற்சியால் 1935இல் நூல் வெளிவந்தது. நீண்ட பெயரைச் சுருக்கச் சொன்னவரும் அவரே. இருவரும் நேரில் சந்தித்துக்கொண்டது 1956இல்தான்!

1939இல் மனைவி ராஜம் டைபாய்டு கண்டு மறைந்தார். சிறு மகளுடன் தனித்து நின்றவர் சில காலம் எழுதவே இல்லை. அந்தத் துயரமே 1945இல் ‘தி இங்கிலீஷ் டீச்சர்’ நாவலாயிற்று. 1958இல் வந்த ‘தி கைடு’ நாவலுக்கு 1960இல் சாகித்திய அகாதமி பரிசு கிடைத்தது. ஆங்கில எழுத்துக்கு அப்பரிசு கிடைத்தது அதுவே முதல் முறை.

நம் மும்பைக்கும் இவருக்கும் தொடர்பு உண்டு. 1965இல் தேவ் ஆனந்த் நடித்து ‘கைடு’ இந்திப் படமாக வந்தது. கதை ராஜஸ்தானுக்கு இடம் மாறியதில் நாராயணுக்கு வருத்தம். அவருடைய தம்பி ஆர்.கே. லட்சுமணுக்கு ஜே.ஜே. ஓவியக் கல்லூரி இடம் தர மறுத்தது. அதே மும்பையில்தான் அவர் ‘காமன் மேன்’ வரைந்து நாடெங்கும் பெயர் பெற்றார்.

1986இல் மாநிலங்களவை உறுப்பினராக நியமிக்கப்பட்ட நாராயண், தம் முதல் பேச்சில் குழந்தைகளின் முதுகை வளைக்கும் புத்தகச் சுமையைப் பற்றித்தான் பேசினார். 1993இல் வெளியான யஷ்பால் குழுவின் அறிக்கையும் அப்பேச்சை நினைவுகூர்ந்தது. 2001 மே 13 அன்று சென்னையில் தம் 94ஆம் வயதில் அவர் காலமானார்.

மால்குடி எந்த வரைபடத்திலும் இல்லை. ஆனால் அங்குள்ள சோதிடரும் மிட்டாய்க் கடைக்காரரும் நமக்குத் தெரிந்த முகங்களே. பாட்டி சொன்ன கதைகள் அவர் ஆங்கிலத்துக்குத் தடையாக இல்லை, உரமாகவே இருந்தன. ஆகவே பெற்றோர்களே, ஒரு தேர்வில் மதிப்பெண் குறைந்தால் பிள்ளையின் மனத்தை ஒடிக்காதீர்கள். இரவில் தமிழில் ஒரு கதை சொல்லுங்கள். மற்ற மொழிகள் தாமே வந்து சேரும்.