காது குத்துவதற்கு உரிய வயது

குழந்தைகளுக்குக் காது குத்தும் வழக்கம் நம் நாட்டில் மிகத் தொன்மையானது. ஆறாவது அல்லது ஏழாவது மாதத்தில் குத்த வேண்டுமென்று சுசுருத சம்ஹிதை விதிக்கிறது. வெயிலொளி ஊடுருவித் தெரியும் இடத்தில் ஊசியைச் செலுத்துமாறும் கூறுகிறது. அவ்விடம் காதுமடலின் மெல்லிய சதைப்பகுதியாகும். மேலேயுள்ள குருத்தெலும்பில் இரத்தக் குழாய்கள் இல்லாமையால், அங்கு நேரும் புண் எளிதில் ஆறுவதில்லை.

இந்த மாதக் கணக்கு இன்றைய மருத்துவத்திற்கும் பொருந்தி வருகிறது. தேசியத் தடுப்பூசி அட்டவணைப்படி 6, 10, 14 ஆகிய வாரங்களில் ஐந்து நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி போடப்படுகிறது. அவற்றுள் ரணஜன்னியும், பி வகைக் கல்லீரல் அழற்சியும் அசுத்தமான ஊசியின் வழியே உடலினுட் புகக் கூடியவை. ஆகவே மூன்றாவது தவணை முடியுமுன் காது குத்துவது உசிதமன்று. மேலும், மூன்று மாதத்திற்குட்பட்ட சிசுவுக்குக் காய்ச்சல் கண்டால் அதை அற்பமாகக் கருதலாகாது.

பள்ளிப் பருவம் வரை காத்திருப்பதிலும் குறையொன்றுமில்லை. துளையை அழுக்குக் கையால் தீண்டலாகாது என்பதை அவ்வயதுக் குழந்தைக்குச் சொல்லிப் புரியவைக்கலாம்.

எவ்வயதாயினும், ஊசி கிருமி நீக்கப்பட்டதாக இருத்தல் அவசியம். நிக்கல் கலந்த அணிகள் ஒவ்வாமையை உண்டாக்குமாதலால் அவற்றைத் தவிர்க்க வேண்டும். துளை ஆற ஏறக்குறைய 6 வாரங்கள் ஆகும்.

பெயர் சூட்டும் நாளிலேயே காது குத்த விரும்பும் தாயிடம், வழக்கத்தைக் கைவிடுமாறு ஊழியர் கூற வேண்டுவதில்லை. தடுப்பூசி அட்டையைப் பார்த்து, மூன்று தவணைகளும் முடிந்தபின் நாள் குறிக்குமாறு சொன்னாற் போதும்.